ஏழு ஃபிரேம் வித்தியாசம்

மதர்போர்டு விமர்சனங்களில் தவறாமல் ஒரு படம் இருக்கும். இடப்பக்கம் பதினைந்து போர்டுகளின் பெயர்கள், வலப்பக்கம் பதினைந்து பட்டைகள். ஒரே பிராசஸர், ஒரே ரேம், ஒரே கிராஃபிக்ஸ் கார்டு. போர்டை மட்டும் மாற்றி மாற்றி ஒரே கேமை ஓட்டி, நொடிக்கு எத்தனை ஃபிரேம் வந்தது என்று குறித்திருப்பார்கள். முதலிடத்தில் இருப்பது 203, கடைசியில் இருப்பது 196 என்று வைத்துக்கொள்வோம். விலையோ முதலாவதற்கு மூன்று மடங்கு. பார்க்கிறவர் மனதில், காசு கூடினால் வேகமும் கூடும் போலிருக்கிறது என்ற எண்ணம் தானாக வந்துவிடும். அந்த ஏழு ஃபிரேமில் போர்டின் பங்கு அநேகமாகப் பூஜ்யம் என்பது என் கட்சி. அப்படியானால் அவை எங்கிருந்து வந்தன என்பதுதான் சுவாரஸ்யமான கேள்வி.

ஒரு ஃபிரேம் உருவாகும் வழியைக் கொஞ்சம் பார்க்கலாம். எதிரி எங்கே நிற்கிறான், தோட்டா எதில் பட்டது, கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்ற கணக்கெல்லாம் பிராசஸரின் வேலை. அதற்கு வேண்டிய தரவை அது ரேமிலிருந்து எடுக்கிறது. எதை எங்கே வரைய வேண்டும் என்ற கட்டளைகளை அடுக்கி, பிசிஐ எக்ஸ்பிரஸ் தடம் வழியாக கிராஃபிக்ஸ் கார்டுக்கு அனுப்புகிறது. கார்டு தன் சொந்த நினைவகத்தில் உள்ள படங்களைக்கொண்டு வரைந்து திரைக்குத் தள்ளுகிறது. நொடிக்கு 200 ஃபிரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது சராசரியாக 5 மில்லிநொடி. இதில் மதர்போர்டு செய்வது என்ன? மின்சாரத்தைப் பக்குவப்படுத்தித் தருகிறது. கடிகாரத் துடிப்பை அமைக்கிறது. கணினி எழும்போது எந்த வேகத்தில், எந்த வோல்டேஜில் ஓட வேண்டும் என்று பயாஸ் மூலம் சொல்கிறது. மற்றபடி அது தாமிரத் தடங்கள் பதித்த ஒரு பலகை.

அந்தத் தடங்களாவது வேகத்தைக் கூட்டிக் குறைக்குமா என்று கேட்கலாம். பலகைக்குள் மின்சமிக்ஞை ஒரு நானோநொடியில் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் ஓடும். பிராசஸர் கேட்ட தரவு ரேமிலிருந்து வந்துசேர இன்றைய கணினிகளில் சுமார் 70 நானோநொடி ஆகிறது. ஒரு போர்டில் ரேம் ஸ்லாட் ஒரு சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் ஒரு வழிக்குக் கூடுவது 0.07 நானோநொடி. ஆயிரத்தில் ஒரு பங்கு. தடம் நேர்த்தியாகப் போடப்படாவிட்டால் நடப்பது வேறு. சமிக்ஞை கலங்கிப்போகும், ரேம் 6000 என்று குறித்த வேகத்தில் நிலையாக ஓடாது, 5600-க்கு இறக்க வேண்டியிருக்கும். அதாவது நல்ல தடம் வேகத்தைத் தருவதில்லை. வேகமான ரேமைத் தாங்கிக்கொள்கிறது.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1990-களின் கடைசியில் மதர்போர்டு உண்மையிலேயே கணினியின் வேகத்தில் பங்காளி. அன்று ரேமை ஆளும் கட்டுப்பாட்டுச் சுற்று பிராசஸருக்குள் இல்லை. போர்டின் நடுவில் நார்த்பிரிட்ஜ் என்ற தனிச் சில்லில் இருந்தது. பிராசஸர் ரேமைக் கேட்டாலும், கிராஃபிக்ஸ் கார்டு ரேமைக் கேட்டாலும் அந்த வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். வாசற்காவலர் மந்தம் என்றால் எல்லாமே மந்தம்.

அந்தக் காலத்துக்குப் பொருத்தமான அளவுகோலாக 1999 டிசம்பரில் வந்து சேர்ந்தது இட் சாஃப்ட்வேர் நிறுவனத்தின் ‘குவேக் 3 அரீனா’. அதில் டைம்டெமோ என்றொரு வசதி. முன்பே பதிவான ஒரு ஆட்டத்தை, கடிகாரத்தைப் பொருட்படுத்தாமல், கணினியால் முடிந்த அதிகபட்ச வேகத்தில் திரும்ப ஓட்டும். முடிந்ததும் சராசரி ஃபிரேம் எண்ணிக்கையைச் சொல்லும். ஒவ்வொரு முறையும் அதே அடி, அதே குண்டு, அதே மூலை. விளையாடுகிறவரின் கை நடுக்கம் கணக்கில் சேராது. சோதிப்பவர்கள் இதை 640×480 என்ற சிறிய திரையளவில் ஓட்டினார்கள். காரணம் எளிது. திரை சிறியதானால் கிராஃபிக்ஸ் கார்டுக்கு வேலை குறைவு. அது பிராசஸருக்காகக் காத்திருக்கும். அப்போது எண்ணில் தெரிவது கார்டின் திறன் அல்ல, பிராசஸரும் ரேமும் அவற்றுக்கு இடையிலிருக்கும் அந்த வாசலும். குவேக் 3-க்கு ரேமின் தரவுக் கடத்தல் வேகத்தின்மேல் தனிப் பசி இருந்ததால் வித்தியாசங்கள் பளிச்சென்று தெரிந்தன.

அந்த அளவுகோல் சில பெரிய தலைகளை உருட்டியது. இன்டெல் 1998-இல் வெளியிட்ட, நார்த்பிரிட்ஜ் அடங்கிய 440பிஎக்ஸ் சிப்செட் 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைத் துடிப்புக்கென்று செய்யப்பட்டது. அதற்கு வாரிசாக 1999-இல் வந்த 820, விலையுயர்ந்த ரேம்பஸ் நினைவகத்தோடு 133 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. ஆர்வலர்கள் பழைய பிஎக்ஸையே 133-க்கு முடுக்கினார்கள். 66 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டிய, கிராஃபிக்ஸ் கார்டு செருகும் ஏஜிபி ஸ்லாட் அப்போது 89-இல் ஓடியாக வேண்டும். எல்லாக் கார்டுகளும் அதைத் தாங்கவில்லை. தாங்கிய கணினிகளில் கிழட்டு பிஎக்ஸ் பல சோதனைகளில் வாரிசைத் தள்ளிவிட்டு முன்னே நின்றது. 2001-இல் வியா நிறுவனம் ஏஎம்டி பிராசஸர்களுக்காகக் கொண்டுவந்த கேடி266 சிப்செட்டும் ஏமாற்றமாகவே இருந்தது. அதே ஆண்டில் ரேம் கட்டுப்பாட்டைச் செப்பனிட்டு கேடி266ஏ என்று மறுபடி வெளியிட்டார்கள். பிராசஸரும் அதுவே, ரேமும் அதுவே. பெயரில் ஓர் எழுத்து கூடியதும் கேம்களின் எண்கள் கண்ணுக்குத் தெரிய உயர்ந்தன. அன்று போர்டுகளை கேமால் அளந்தவர்கள் ஓர் உண்மையான பொருளை அளந்தார்கள்.

2003 செப்டம்பரில் ஏஎம்டி, அத்லான் 64 பிராசஸரை வெளியிட்டபோது ரேம் கட்டுப்பாடு பிராசஸருக்குள் குடியேறியது. இன்டெல் ஐந்தாண்டு கழித்து, 2008 நவம்பரில், முதல் கோர் ஐ7-களில் அதையே செய்தது. 2009-இல் கிராஃபிக்ஸ் கார்டுக்கான பிசிஐ எக்ஸ்பிரஸ் தடங்களும் பிராசஸருக்குள் போயின. கேம் ஓடும் பாதையிலிருந்து சிப்செட் முழுக்க வெளியேறிவிட்டது. இன்று அதன் பொறுப்பு யுஎஸ்பி, சாட்டா, நெட்வொர்க், கூடுதல் எம்.2 ஸ்லாட்டுகள். ஏஎம்டியின் எக்ஸ்670, பி650 இரண்டும் இதற்குக் கச்சிதமான எடுத்துக்காட்டு. பி650 போர்டில் ஒரு சில்லு இருக்கும். எக்ஸ்670-இல் அதே சில்லு இரண்டு, ஒன்றன் பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கும். கூடுதலாகக் கிடைப்பது இணைப்புத் துளைகள். கிராஃபிக்ஸ் கார்டு இரண்டிலும் பிராசஸரோடு நேரடியாகத்தான் பேசுகிறது.

பாதை மாறியது, படம் மாறவில்லை. பதினைந்து பட்டைகள் இன்றும் வரையப்படுகின்றன. அந்த ஏழு ஃபிரேமுக்கு இப்போது வருவோம்.

முதல் காரணம் வெறும் தற்செயல். ஒரே போர்டில் ஒரே கேமை இருமுறை ஓட்டினால் எண் அச்சாக ஒன்றாக வராது. பின்னணியில் விண்டோஸ் ஏதாவது புதுப்பிக்கும். கார்டின் வெப்பம் இரண்டு டிகிரி ஏறி அதன் வேகம் சற்று இறங்கும். இன்றைய கேம்களில் தெருவில் நடக்கும் கூட்டம்கூட ஒவ்வொரு முறையும் வேறு வழியில் நடக்கும். இந்த ஏற்ற இறக்கத்தின் திட்டவிலக்கம் 1 சதவீதம் என்று கொள்ளுங்கள். கவனமாகச் சோதிப்பவருக்கும் இது அசாதாரணமில்லை. இப்போது முற்றிலும் ஒரே மாதிரியான பதினைந்து போர்டுகளை ஆளுக்கொரு முறை ஓட்டினால், முதலுக்கும் கடைசிக்கும் எவ்வளவு இடைவெளி வரும்? புள்ளியியல் தரும் விடை, திட்டவிலக்கத்தைப் போல் ஏறக்குறைய 3.5 மடங்கு. 200 ஃபிரேமில் 3.5 சதவீதம் என்பது ஏழு ஃபிரேம். ஒரே மாவில் ஊற்றிய பதினைந்து இட்லிகளைத் தராசில் வைத்தால் ஏதோ ஒன்று கனமாகத்தான் இருக்கும். அதற்காகத் தட்டின் அந்தக் குழிக்கு யாரும் விருது கொடுப்பதில்லை.

மூன்று முறை ஓட்டிச் சராசரி எடுத்தால் இடைவெளி நான்கு ஃபிரேமாகச் சுருங்கும். ஆனால் அதிலும் ஒரு கண்ணி உண்டு. கணினி ஒவ்வொரு முறை எழும்போதும் ரேமோடு ஒத்திகை பார்த்துச் சில நுண் தாமதங்களைத் தானே தீர்மானிக்கிறது. மறுமுறை எழும்போது அவை சற்று வேறாக அமையலாம். கணினியை அணைக்காமலே மூன்று முறை ஓட்டினால் இந்த மாறுபாடு சராசரிக்குள் வரவே வராது. அணைத்து அணைத்து எழுப்பி ஓட்ட வேண்டும். பதினைந்து போர்டு, ஆறேழு கேம் என்றால் யாருக்குப் பொறுமை இருக்கிறது? இந்தச் சிரமத்தை ஏற்றுச் செய்கிறவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

சராசரியோடு நில்லாமல் இன்று ‘ஒரு சதவீத அடிமட்டம்’ என்ற எண்ணையும் தருகிறார்கள். 2011-இல் ‘தி டெக் ரிப்போர்ட்’ இணைய இதழில் ஸ்காட் வாசன் எழுதியதிலிருந்து, ஒரு நொடிக்குள் எத்தனை ஃபிரேம் என்பதைவிட ஒவ்வொரு ஃபிரேமும் எத்தனை மில்லிநொடி எடுத்தது என்று பார்க்கும் வழக்கம் பரவியது. அது அருமையான மாற்றம். நொடிக்கு 60 ஃபிரேம் சராசரி இருந்தாலும், நடுவில் ஒன்று 100 மில்லிநொடி தேங்கினால் கண் அதை வெட்டு என்று உணரும். ஆனால் போர்டுகளைத் தரவரிசைப்படுத்த அந்த எண்ணைப் பயன்படுத்தும்போது கால் வழுக்குகிறது. நொடிக்கு 200 வீதம் ஒரு நிமிடம் ஓடினால் 12,000 ஃபிரேம். அதில் மெதுவான ஒரு சதவீதம் 120. ‘0.1 சதவீத அடிமட்டம்’ என்றால் வெறும் 12. பன்னிரண்டு ஃபிரேமை வைத்துப் பதினைந்து போர்டுகளை வரிசையில் நிறுத்துவது குலுக்கல்.

படத்தை வரைபவர்கள் கிடையச்சைப் பூஜ்யத்திலிருந்து தொடங்காமல் 190-இலிருந்து தொடங்கிவிட்டால், 203-இன் பட்டை 196-ஐப் போல இரண்டு மடங்குக்கும் மேலாக நீண்டு தெரியும். இதைப் பற்றி மேலே சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாவது காரணம் தற்செயல் இல்லை. பெட்டியிலிருந்து எடுத்த போர்டு எந்த அமைப்புகளோடு எழுகிறது என்பதை முடிவு செய்கிறவர் தயாரிப்பாளர். விமர்சகர்கள் அதே அமைப்போடுதான் முதலில் ஓட்டிப் பார்ப்பார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். குவேக் காலத்திலேயே இந்த விளையாட்டு தொடங்கிவிட்டது. அடிப்படைத் துடிப்பு 133 மெகாஹெர்ட்ஸ் என்று திரையில் காட்டிவிட்டு உள்ளே 135-இல் ஓட்டினால், ஆறு மடங்கில் ஓடும் 800 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 3, 810-இல் ஓடும். ஒன்றேகால் சதவீதம் இனாம். பட்டியலில் நான்கைந்து இடம் முன்னேற அது போதும்.

பிற்பாடு வழிகள் நுட்பமாயின. 2017-இல் வந்த கோர் ஐ7-8700கே பிராசஸரில் ஆறு கோர்கள். ஒரே கோர் உழைத்தால் 4.7 கிகாஹெர்ட்ஸ், ஆறும் சேர்ந்து உழைத்தால் 4.3 என்பது இன்டெல் வகுத்த விதி. ‘மல்டிகோர் என்ஹான்ஸ்மென்ட்’ போன்ற பெயர்களில் போர்டுகளில் வந்த வசதி, ஆறு கோர்களையும் 4.7-இலேயே ஓட்டியது. சில போர்டுகளில் அது பிறவியிலேயே இயங்கும் நிலையில் இருந்தது. கிட்டத்தட்ட 9 சதவீத முடுக்கம். எந்தச் சில்லும் மாறவில்லை, பயாஸில் ஒரு வரி மாறியிருக்கிறது. ஏஎம்டி பக்கமும் சுத்தமில்லை. ரைசன் பிராசஸர் தான் எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்பதை அறியப் போர்டு தரும் அளவையே நம்புகிறது. சில போர்டுகள் அந்த அளவைக் குறைத்துச் சொல்லி, பிராசஸரை வரம்புக்கு மேல் எடுக்கத் தூண்டின. 2020-இல் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளை எழுதியவர் அந்தப் பொய்யை அளந்துகாட்டும் ஓர் அளவீட்டைச் சேர்த்தபோதுதான் விஷயம் வெளியில் வந்தது.

இந்தப் போட்டிக்கு ரசீது வந்த ஆண்டு 2024. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை கோர் ஐ9 பிராசஸர்கள் வைத்திருந்த பலருக்கு, அன்ரியல் எஞ்சினில் செய்த கேம்கள் தொடங்கும்போதே விழுந்தன. திரையில் வந்த செய்தி, வீடியோ நினைவகம் போதவில்லை என்பது. 24 ஜிபி நினைவகம் உள்ள கார்டிலும் அதே புலம்பல். மக்கள் பாவம், கிராஃபிக்ஸ் கார்டைச் சந்தேகித்தார்கள். உண்மையில் கேம் தன் கோப்புகளைச் சுருக்கம் பிரிக்கும் கட்டத்தில் பிராசஸர் கணக்கைத் தப்பாகப் போட்டுக்கொண்டிருந்தது. கோர் ஐ9-13900கே-க்கு இன்டெல் குறித்த உச்ச மின்வரம்பு 253 வாட். பல போர்டுகள் அந்த வரம்பையே எடுத்துவிட்ட நிலையில் எழுந்தன. ஏப்ரலில் போர்டு தயாரிப்பாளர்கள் அவசர அவசரமாக அடக்கமான அமைப்புகளோடு புதிய பயாஸ்களை வெளியிட்டார்கள்.

பழியை முழுக்கப் போர்டுகள்மேல் போடுவது நியாயமாகாது. இன்டெலே பின்னர் நான்கு காரணங்களைப் பட்டியலிட்டது; இன்டெலின் வழிகாட்டுதலை மீறிய போர்டு அமைப்புகள் அவற்றில் ஒன்றுதான். மற்றவை பெரும்பாலும் பிராசஸருக்குள் இருக்கும் இன்டெலின் சொந்த நிரலான மைக்ரோகோட், தேவைக்கு மிஞ்சிய வோல்டேஜைக் கேட்டதால் வந்தவை. ஆகஸ்டில் 0எக்ஸ்129, செப்டம்பரில் 0எக்ஸ்12பி என்று திருத்தங்கள் வந்தன. உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டினார்கள். ஏற்கெனவே சேதமான பிராசஸரைத் திருத்தம் மீட்காது, மாற்றித்தான் வாங்க வேண்டும். ஆனால் பதினைந்து பட்டைகளில் முதலிடம் பிடிக்க வரம்பை அகற்றிய பழக்கம் எத்தனை ஆண்டாக ஊறியிருந்தது என்பதை அந்த ஏப்ரல் காட்டிக்கொடுத்தது. விமர்சன எழுத்தாளர்களுக்கும் இதில் பங்குண்டு. பரிசு கொடுத்தவர்கள் நாங்கள்தானே.

அப்படியானால் போர்டை கேமால் சோதிப்பதே வீணா? இல்லை, வேறு கேள்விக்கு அது நல்ல கருவி. யார் முதலிடம் என்று பார்க்காமல், யார் கூட்டத்திலிருந்து விலகி நிற்கிறார் என்று பாருங்கள். பதினான்கு போர்டுகள் 196-க்கும் 203-க்கும் இடையில் இருக்க, ஒன்று மட்டும் 175-இல் நின்றால் அங்கே ஏதோ கோளாறு. பெரும்பாலும் ரேம் 6000-க்குப் பதில் இயல்பான 4800-இல் ஓடிக்கொண்டிருக்கும். அல்லது ரீசைசபிள் பார் அணைந்திருக்கும். பிராசஸர் கார்டின் நினைவகத்தை 256 எம்பி ஜன்னல் வழியாக மட்டுமே பார்ப்பது பழைய வழக்கம். இந்த வசதி ஜன்னலைக் கதவாக்குகிறது. 2020 இறுதியில் ஏஎம்டி இதைப் பிரபலப்படுத்தியது. இன்டெலின் ஆர்க் கார்டுகள் இது இல்லாவிட்டால் வெகுவாகத் திணறும். சில போர்டுகளில் இரண்டாவது எம்.2 ஸ்லாட்டை நிரப்பினால் கார்டுக்கான பதினாறு தடங்கள் எட்டாகும். அதுகூட இன்றைய பெரிய கார்டுகளுக்கு ஓரிரு சதவீதம்தான்.

ஆனால் சின்னக் கார்டில் கதை தலைகீழ். 2022 ஜனவரியில் ஏஎம்டி வெளியிட்ட ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, 4 ஜிபி நினைவகமும் நான்கே நான்கு தடங்களும் கொண்டது. பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 போர்டில் அந்த நான்கு தடங்கள் நொடிக்குச் சுமார் 8 ஜிபி கடத்தும். பழைய 3.0 போர்டில் அதில் பாதி. கேமின் படங்கள் 4 ஜிபிக்குள் அடங்கும்வரை வித்தியாசம் தெரியாது. அடங்காமல் வழிந்ததும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ரேமிலிருந்து அள்ளிவர வேண்டும். அந்த நிலையில் பழைய போர்டு சரிந்துவிடுகிறது. மலிவான கார்டை யார் வாங்குவார்கள்? பழைய போர்டு வைத்திருப்பவர்கள்தான். மதர்போர்டு கேமின் வேகத்தைத் தீர்மானிக்கும் அரிய இடம் இது. பதினைந்து புதிய போர்டுகளில் மிக விலையுயர்ந்த கார்டைச் செருகி ஓட்டும் சோதனையில் இது கண்ணில் படவே படாது.

போர்டுகளை உண்மையாகப் பிரிப்பது மின்சாரப் பகுதி. 12 வோல்ட்டை வாங்கி ஏறக்குறைய 1.3 வோல்ட்டாக இறக்கிப் பிராசஸருக்கு ஊட்டும் சுற்று, 253 வாட் கொடுக்க வேண்டுமானால் 195 ஆம்பியர் அளவுக்குப் பாய்ச்ச வேண்டும். மலிவான போர்டில் அந்தச் சுற்று சூடேறி, எல்லையைத் தொட்டதும் பிராசஸரின் வேகத்தை இறக்கிவிடும். கேம் இதைக் காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் பெரும்பாலான கேம்கள் பிராசஸரிடம் உச்சத்தில் பாதி வாட்டைத்தான் கேட்கின்றன. பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ஒரு காட்சியை அரை மணி நேரம் வரையவிட்டு, வெப்பமானியைச் சுற்றின் முதுகில் ஒட்டிப் பார்த்தால்தான் தெரியும். அப்படிச் சோதிக்கும் விமர்சனம் கிடைத்தால் நான் நேரே அந்தப் பக்கத்துக்குப் போவேன். பக்கத்தில் அறை வெப்பநிலை எவ்வளவு என்று எழுதியிருக்கிறதா என்று தேடுவேன். 21 டிகிரி அறையில் 90 காட்டும் போர்டு, மே மாதச் சென்னையில் ஏசி இல்லாத 35 டிகிரி அறையில் 104-ஐ ஒட்டி நிற்கும். ரிச்சி தெருவில் பேரம் பேசப் போகும் முன் குறித்துக்கொள்ள வேண்டிய எண் அந்த 104.